பம்பூர் என்றொரு ஊர் இல்லை

இந்த வருஷம் தேர்வெழுதி நம் அலுவலகங்களில் உதவியாளராகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு சொல் பழக்கமாகியிருக்கும். ‘எழவில்லை’ என்ற சொல். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பேரவையில் கேட்கும் கேள்வி (அ), (ஆ), (இ) என்று பிரித்து நம் மேசைக்கு வரும். (அ)வுக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் போதும், மீதி எல்லாவற்றுக்கும் ‘வினா எழவில்லை’ என்று எழுதி முடித்துவிடலாம். வேலை பத்து நிமிஷத்தில் முடியும். மதியச் சாப்பாடு ஆறாமல் சாப்பிடலாம்.

நான் அந்தச் சொல்லை முப்பது வருஷத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை, எழுதி அனுப்பியதைத் திரும்ப வாங்கினேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

நான் வேலை பார்த்தது திருவள்ளூரில் மாவட்ட அளவிலான ஒரு அலுவலகத்தில். எந்தத் துறை என்பது வேண்டாம். பேரவை நடக்கும் நாட்களில் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் பிரிவு என்னுடையது. நம் மாவட்டத்தில் பத்துத் தொகுதிகள். சில தொகுதிகளில் நிர்வாகம் சென்னை மாநகராட்சியோடு போய்விட்டது, தேர்தல் கணக்கில் மட்டும் நம்மோடு இருக்கின்றன. சில தொகுதிகள் இரண்டு தாலுகாவில் கால் வைத்து நிற்கும். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வரும்போது நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, இந்த இடத்தில் யாருடைய தொகுதி முடிந்து யாருடையது தொடங்குகிறது என்று யோசித்ததுண்டு. தரையில் ஒரு கோடும் தெரியாது. ஆனாலும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்காக ஒருவர் பேரவையில் எழுந்து நிற்பார், அந்தப் பக்கம் இருப்பவருக்காக வேறொருவர் நிற்பார். இது எனக்கு எப்போதுமே வேடிக்கையாக இருந்தது.

எனக்கு மேலே அதிகாரியாக இருந்தவர் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். நேரடித் தேர்வில் வந்த பெண். அதிகம் பேசமாட்டார். கோப்பைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி நாம் எதை மூடி வைத்திருக்கிறோமோ அதன் மேலேயே வந்து விழும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பேரவைக் கேள்வி ஒன்று வந்தது. கேட்டவர் முதல் தடவை ஜெயித்து வந்த உறுப்பினர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வட்டாரத்தில் அவருடைய தொகுதி. கேள்வி இப்படி இருந்தது: (அ) பம்பூர் குடியிருப்பு மக்கள் உபரிநீர்க் கால்வாயைக் கடக்கப் பாலம் இல்லாமல் அவதிப்படுவதை அரசு அறியுமா? (ஆ) ஆம் எனில், அங்கே சிறுபாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?

வெள்ளிக்கிழமை பேரவையில் எடுத்துக்கொள்ளும் பட்டியலில் இருந்தது. பதிலை அந்தச் செவ்வாய் மாலைக்குள்ளேயே கேட்டிருந்தார்கள்.

நான் கிராமப் பட்டியலைத் திறந்தேன். பம்பூர் இல்லை. குக்கிராமங்களின் பட்டியலில் பார்த்தேன். இல்லை. தாலுகாவுக்குப் போன் செய்தேன். அங்கிருந்தவரும் தன் பதிவேட்டைப் புரட்டிவிட்டு இல்லை என்றார். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. புதிய உறுப்பினர், யாரோ சொன்னதை வைத்துக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ‘(அ) விசாரித்ததில், மேற்படிப் பெயரில் குடியிருப்பு ஏதும் இல்லை. (ஆ) வினா எழவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். அதிகாரிக்கு அன்று வேறு கூட்டம். அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். நான்கு மணிக்குத் தலைமைச் செயலகத்துக்குப் பதில் போய்விட்டது.

மறுநாள் புதன்கிழமை பேரவைக்கு விடுமுறை. காலை பத்தரை மணிக்கு அந்த உறுப்பினரே போன் செய்தார். பதில் போய்விட்டதா என்று மட்டும் கேட்டார். என்ன பதில் என்று நாம் சொல்லக் கூடாது. ஆனால் அவர் குரலில் அதட்டல் இல்லை, ஆர்வம்தான் இருந்தது. அதனால், அந்தப் பெயரில் ஊர் எதுவும் எங்கள் பதிவேட்டில் அகப்படவில்லை சார் என்று தயங்கிச் சொல்லிவிட்டேன்.

அவர் பக்கம் லாரி ஹாரன் கேட்டது. பிறகு சொன்னார்.

“நான் அங்கதாம்மா நின்னுக்கினு பேசறேன்.”

பம்பூரில்தானா சார் என்று கேட்டேன்.

“பம்பூர் இன்னாத்துக்கு? பம்பூடு. அந்தக் காலத்துல வயலுக்குத் தண்ணி எறைச்ச பம்பு ஊடு ஒண்ணு இருந்துச்சு. அத்தச் சுத்தி ஜனங்க குடிவந்தாங்க. அதான் பேரு.”

அவருடைய உதவியாளர் தெற்கத்திக்காரர். கேள்வியைத் தட்டச்சு செய்த அவர், ‘பம்பூடு’ என்பதைக் கைப்பிழை என்று நினைத்து, நல்ல தமிழில் ‘பம்பூர்’ என்று திருத்திவிட்டிருக்கிறார். வீட்டை ஊடு என்று சொல்லும் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, கேட்ட நொடியில் அது புரிந்துவிட்டது. இல்லாத ஊர் என்று அரசாங்கத்தின் பெயரால் நான் எழுதிக் கொடுத்த இடத்தில் ஒருவர் நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.

நேரே அதிகாரியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தம் மேசையில் இருந்த பதிலின் நகலை எடுத்துப் படித்தார். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டார்.

“‘விசாரித்ததில்’னு எழுதியிருக்கீங்க. யாரை விசாரிச்சீங்க?”

நான் பதிவேட்டை விசாரித்திருந்தேன், தாலுகாக்காரரும் அதையேதான். அது மனுஷர் இல்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாலை ஐந்து மணிக்குமேல் பதில்கள் அச்சுக்குப் போய்விடும், அதற்குள் மாற்றினால்தான் உண்டு. ஜீப்பை எடுத்துக்கொண்டு போங்கள், என்ன பார்த்தாலும் எனக்குப் போன் செய்யுங்கள் என்றார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வழியில் அந்த வட்டாரத்துக் கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்து, கிராம எல்லையைக் காட்டும் புலப்படத்தோடு வரச் சொன்னேன். ஜீப் ஓட்டுநர் கும்மிடிப்பூண்டியை அடுத்த எளாவூர்க்காரர். பம்பூடா, ஷேர் ஆட்டோக்காரன் எல்லாம் அங்கே நிறுத்துவானே மேடம் என்றார். நேற்று நான் மாடிப்படி இறங்கி வந்து இவரிடம் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது.

ஒரு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். தொழிற்பேட்டைக்குப் போகும் ரோடு. ரோட்டை ஒட்டிக் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் முட்செடிகளுக்கு நடுவே தகரமும் ஓடும் போட்ட வீடுகள். ஒரு சின்ன சிலுவைக் கோயில், பக்கத்தில் மஞ்சள் பூசிய ஒரு அம்மன் கல். ஐம்பது அறுபது குடும்பம் இருக்கும். கால்வாய்க்கு மேலே பாலம் இல்லை. கம்பெனிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஒரு கறுப்பு இரும்புக் குழாய் மட்டும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் கிடந்தது. பெரிய குழாய்தான். ஆனால் உருண்டை. பிடிக்க ஒன்றும் இல்லை. கீழே கறுத்த தண்ணீர் ஆள் மட்டத்துக்கு நின்றது.

உறுப்பினர் ரோட்டோரம் ஒரு நாஷ்டா கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட ஆள் படை எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதெல்லாம் அப்புறம், ரெண்டு மணி ஷிஃப்டுக்கு ஆள் வரும், முதலில் அதைப் பாருங்கள் என்றார்.

வந்தார்கள். அந்தக் கரையிலிருந்து ஒவ்வொருவராக, கம்பெனிச் சட்டை போட்ட பெண்களும் ஆண்களும், சாப்பாட்டுப் பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குழாய்மேல் நடந்து வந்தார்கள். யாரும் பேசவில்லை. ஒருவர் இறங்கிய பிறகுதான் அடுத்தவர் ஏறினார். இந்தக் கரைக்கு வந்து செருப்பை மாட்டிய பிறகுதான் சிரிப்பும் பேச்சும் வந்தது. சுற்றிக்கொண்டு வர வேறு வழி இல்லையா என்று கேட்டேன். ஹைவேயைப் பிடித்து வந்தால் ஒரு மணி நேர நடை, லாரிகளுக்கு நடுவே நடக்க வேண்டும் என்றார் கடை வைத்திருந்த பெண்.

அவர் பெயர் எஸ்தர். நாற்பது வயதுக்குள் இருக்கும். இடது காலை நீட்டியபடி உட்கார்ந்து இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். முன்பு மருந்துப் பெட்டி அடுக்கும் வேலைக்கு ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாராம். போன மழையில் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவர் குழாயில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. எழுந்து நடக்க நாலு மாசம் ஆயிற்று. அதற்குள் கம்பெனியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குள் சும்மா உட்கார முடியாது என்று இந்தக் கடையைப் போட்டாராம்.

அப்படியென்றால் தினமும் நீங்கள் எப்படி இந்தக் கரைக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒக்காந்துக்கினு வருவேன் மேடம். நடந்தா கால் ஒதறுது.”

குழாயின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து வருவாராம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பாத்திரங்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து தருவார்களாம்.

என்ன நினைத்தேனோ தெரியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் குழாய்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எஸ்தர் சொன்னது போலவே நகர்ந்தேன். வெயிலில் இரும்பு சுட்டது. பாதி தூரம் போனதும் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதற்குமேல் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஐம்பத்தைந்து வயதில், அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கால்வாய்க்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். எஸ்தர் அந்தக் காலோடு குழாயில் ஏறி என் பின்னால் வந்து, முதுகில் கை வைத்து, “கீழ பாக்காதீங்க, என் குரலக் கேட்டுக்கினே பின்னால வாங்க” என்று பேசிப் பேசி என்னைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரு டம்ளர் டீயும் கொடுத்தார்.

அந்த நேரத்துக்குத்தான் கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தோடு வந்தார். இளைஞர், தன் வேலையை நன்றாகத் தெரிந்தவர். படத்தை பெஞ்சில் விரித்துப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் தனியாக ஜீப்புக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

கால்வாய்தான் எல்லை என்றார். நாம் நிற்கும் வடகரை அவருடைய கிராமம். தென்கரை அடுத்த தாலுகாவின் கிராமம். ஆகவே அடுத்த தொகுதி. பம்பூடு இந்த உறுப்பினரின் தொகுதியிலேயே இல்லை.

நேற்று நான் எழுதிய பதில் தப்பு. ஆனால் இப்போது உண்மையை எழுதினால், முதல் தடவை கேள்வி கேட்கும் மனுஷர், தம் தொகுதி எதுவென்றே தெரியாதவராகப் பேரவையில் நிற்பார். எழுதாவிட்டால், வெள்ளிக்கிழமை அடுத்த தொகுதி உறுப்பினர் எழுந்து கேட்கும்போது அமைச்சருக்கு நாங்கள் பொய் எழுதிக் கொடுத்ததாகிவிடும். மணி இரண்டேமுக்கால்.

இந்த மாதிரி நேரத்தில் நம்முடைய கை தானாகவே வழுவழுப்பான ஒரு வாக்கியத்தைத் தேடும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. அந்த வாக்கியத்துக்குள் யாரும் வழுக்கி விழமாட்டார்கள், எழுதுகிறவர் உட்பட. ஆனால் என் உள்ளங்கை இன்னும் அந்தக் குழாயின் சூட்டோடு எரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய் உறுப்பினரிடம் நேராகச் சொல்லிவிட்டேன்.

அவர் நம்பவில்லை. இவர்கள் எனக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்களே என்றார். அது எப்படி என்று எனக்கும் புரியவில்லை. எஸ்தர்தான் மடியிலிருந்து தன் வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் வடகரைக் கிராமத்தின் பெயரும் ஒரு தெருவும் கதவு எண்ணும் இருந்தன. இவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் வடகரையில் வயல் வேலை செய்தவர்கள். வயல்கள் தொழிற்பேட்டைக்குப் போனபோது அந்தத் தெருவும் போயிற்று. கால்வாயைத் தாண்டி, ஆளில்லாமல் கிடந்த பம்பு ஊட்டைச் சுற்றிக் குடிசை போட்டுக்கொண்டார்கள். பெயர்கள் மட்டும் பழைய தெருவிலேயே இருந்துவிட்டன.

“அந்தக் கதவு நம்பரு இப்ப ஒரு கம்பெனி கேன்டீனுக்குள்ள கெடக்குது மேடம்” என்றார் எஸ்தர்.

எனக்கு அதைக் கேட்டதும் பயம் போய் ஆச்சரியம் வந்தது. இந்த மனுஷர்கள் இல்லாத வீட்டிலிருந்து ஓட்டுப் போடுகிறார்கள், இருக்கிற வீட்டில் கணக்கில் இல்லாமல் வாழ்கிறார்கள். தென்கரை உறுப்பினரின் அலுவலகத்துக்கு இரண்டு தடவை மனு கொண்டுபோனார்களாம். பட்டியலில் பெயர் பார்த்துவிட்டு, நீங்கள் எங்கள் வாக்காளர் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். வடகரையின் முந்தைய உறுப்பினர் தேர்தலுக்கு வந்து இந்தக் கரையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனவர்தான். இப்போதையவர் ஒருவர்தான் குழாயைக் கடந்து அந்தப் பக்கம் போனவராம்.

உறுப்பினர் குழாயைத் தாங்கும் சிமென்ட் கட்டையில் போய் உட்கார்ந்தார். சபையில் தென்கரைக்காரர் எழுந்து அது என் தொகுதி என்றால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டார். கேள்வியைத் திரும்பப் பெற வேண்டுமானால் இன்றைக்குள் கடிதம் கொடுக்கலாம் சார் என்றேன். அது அவருடைய உரிமை, சொல்ல வேண்டியது என் கடமை. திரும்பப் பெற்றால் மறுபடி எப்போது கேட்கலாம் என்று கேட்டார். அடுத்த கூட்டத்தொடர் என்றேன். அதற்கு நடுவில் ஒரு மழைக்காலம் இருந்தது.

கிராம நிர்வாக அலுவலர் இன்னொன்றும் சொன்னார். பாலம் என்று கோப்பு ஓட ஆரம்பித்தால் இந்தக் குடும்பங்கள் எங்கே வசிக்கின்றன என்பது பதிவுக்கு வந்துவிடும். பிறகு பெயர்களைத் தென்கரைப் பட்டியலுக்குத்தான் மாற்ற வேண்டியிருக்கும். அதாவது அடுத்த தேர்தலில் இவர்களுடைய ஓட்டு இவருக்கு இல்லை. அதை உறுப்பினர் கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அப்போது எஸ்தர், தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல் சொன்னார்.

“பாலம் கட்னா ஒரு கால் அந்தாண்ட நிக்கும், ஒரு கால் இந்தாண்டதானே நிக்கும்? இந்தக் கால் இவருதுதானே?”

நாங்கள் மூன்று பேரும் படத்தை மறுபடி பார்த்தோம். அவர் சொன்னது சரி. பாலம் வேண்டிய இடத்தின் வடகரை இவருடைய தொகுதி மண். அந்தப் பாலத்தைக் கேட்க இவருக்கு முழு உரிமை உண்டு. இத்தனை வருஷம் கோப்புப் பார்த்த எனக்கும், படத்தை உள்ளங்கையில் வைத்திருந்த கிராம நிர்வாக அலுவலருக்கும் தோன்றாதது, இட்லிக் கடையில் கிடைத்தது.

உறுப்பினர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “இருக்கட்டும் மேடம். கேட்டது கேட்டதாவே இருக்கட்டும்” என்றார்.

மூன்றே கால் மணிக்கு அதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவரே கணினியில் அடித்தார். குடியிருப்பு உள்ளது, அதன் பெயர் பம்பூடு. தென்கரையில் அடுத்த தொகுதிக்குட்பட்ட கிராமத்தில் அமைந்துள்ளது. வசிப்போர் வடகரைத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ளனர். கோரப்படும் பாலம் இரு தொகுதிகளையும் இணைப்பதாக அமையும். பாலம் தேவை என்பது நேரடி ஆய்வில் தெரிகிறது. கடைசி வாக்கியத்தில் நிறுத்தி, நேரடி ஆய்வு செய்தது யார் என்று போடட்டும் என்று கேட்டார். நான் குழாய்மேல் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். போனில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. அவரிடம் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

தலைமைச் செயலகத்தில் பழைய பதிலைத் திரும்ப வாங்க அவர்தான் பேசினார். ஏன் மாறிற்று என்று அங்கே கடுமையாகக் கேட்டிருக்கிறார்கள். பிரிவில் எழுதியவர் தவறு என்று அவர் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் அவர், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், தவறு என்னுடையது என்று சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது அவர் அல்ல, அங்கே வேலை பார்த்த என் தோழி. அதிகாரி கடைசிவரை என்னிடம் இதைப் பேசவேயில்லை. வயதில் சின்னவரிடம் வேலை கற்றுக்கொள்வதில் முதலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது எனக்கு. அன்றோடு போயிற்று.

அன்று இரவே நான் தொகுதிகளை வரையறுத்த ஆணையைத் தேடிப் படித்தேன். தொகுதி என்றால் வரைபடம் என்று நினைத்திருந்தேன். ஆணையில் படம் இல்லை. தாலுகாக்களின் பெயர், கிராமங்களின் பெயர், கமா போட்டு நீளமாகப் போகும் வாக்கியங்கள். அவ்வளவுதான். பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஓர் ஊர் வெளியே நின்றுவிடும். நீங்கள் தட்டச்சு செய்யும்போது அடுத்த தடவை இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை கேள்வி நேரம் நேரலையில் வந்தது. எங்கள் அறையில் எல்லாரும் ஒரே கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்தோம். அமைச்சர் பதிலை வாசித்தார். நம் உறுப்பினர் துணைக் கேள்வி கேட்டார். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் எஸ்தர் விழுந்ததையும் இப்போது எப்படிக் கடக்கிறார் என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவர் உட்கார்ந்ததும் தென்கரை உறுப்பினர் எழுந்தார். குடியிருப்பு என் தொகுதியில் இருக்கிறது, ஆகவே பாலத்தை என் தொகுதியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார் அவர். சபை சிரித்தது. நம் உறுப்பினர் எழுந்து, முதல் கால் என் கரையில் என்றார். மறுபடி சிரிப்பு. அதுவரை இரண்டு தொகுதியிலும் கணக்கில் வராமல் கிடந்த இடம், அந்த ஐந்து நிமிஷத்தில் இருவருக்கும் உரியதாகிவிட்டது. அடுத்த வாரமே இரண்டு கரையிலும் வந்து அளந்துகொண்டு போனார்கள்.

பாலம் உடனே வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த மழைக்காலத்திலும் எஸ்தர் உட்கார்ந்தபடிதான் கடந்தார். அதற்கடுத்த கோடையில்தான் கட்டி முடித்தார்கள். யார் திறந்து வைப்பது என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்ததில் தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. ஜனங்கள் காத்திருக்கவில்லை. சிமென்ட் காய்ந்ததும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். எஸ்தர் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தொடாமல் நடந்து வந்தார்.

பெயர்கள் தென்கரைப் பட்டியலுக்கு மாறின. அடுத்த தேர்தலில் அந்த உறுப்பினர் தோற்றுப்போனார். பம்பூட்டின் ஓட்டு இல்லாததால் தோற்றார் என்று சொல்ல முடியாது, வித்தியாசம் அதைவிடப் பெரிது. ஆனால் அந்த ஓட்டுகள் போகும் என்று தெரிந்துதான் அவர் அன்று கட்டையிலிருந்து எழுந்தார் என்பதற்கு நான் சாட்சி.

என் கடைசிப் பணி வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர் நாளில், மனு கொடுக்கும் வரிசையில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் டோக்கன். முன்னாலும் பின்னாலும் நின்றவர்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. நான்தான் பார்த்துவிட்டு ஓடினேன். உள்ளே வந்து உட்காருங்கள் சார் என்றேன். வரிசை நகருதும்மா, நிக்கறேன் என்றார். மகள் வீட்டோடு வேப்பம்பட்டுப் பக்கம் வந்துவிட்டாராம். அங்கே புதிதாக மனை போட்ட ஒரு நகரில், பின்வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் லாரி வருவதில்லை, முன்வரிசையோடு நின்றுவிடுகிறது என்று மனு எழுதியிருந்தார். அவருடைய மகள் வீடு முன்வரிசையில் இருந்தது.

மனுவை வாங்கிப் படித்தேன். பழக்கதோஷம், அந்த இடம் எந்தத் தொகுதி சார் என்று கேட்டுவிட்டேன்.

“எந்தத் தொகுதியோ, எனக்கு இன்னாத்துக்கும்மா அது? தண்ணி வரல.”

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. ஜீப் வேறு வேலையாகப் போயிருந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டேன். வாசலில் அவருடைய பழைய ஸ்கூட்டர் நின்றது. பின்னால் உட்கார்ந்துகொண்டேன், அந்தப் பின்வரிசை வீடுகளைப் பார்க்கக் கிளம்பினோம்.